கடைசிப் பதினோரு நிமிஷம்

பூர்ணா போனில் சொன்னது நல்ல செய்திதான். வேறொரு தகப்பனாக இருந்தால் மகளின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சி, கீழே இறங்கிப் போய் டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்திருப்பான். நல்லப்பனோ போனைக் காதில் வைத்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாவின் படம் கிடைத்துவிட்டது அப்பா," என்றாள் பூர்ணா. அவள் பேசுவது பர்மியில், அவர் பதில் சொல்வது தமிழில். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வீட்டில் பேச்சு அப்படித்தான் நடக்கிறது, அதனால் ஒரு காரியமும் கெட்டுப்போகவில்லை. "யாரோ ஒரு கிறுக்கர் எண்பதுகளின் தமிழ்ப் படங்களைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, கீழே பர்மிய எழுத்தும் ஓடவிட்டுப் போடுகிறார். லேப்டாப்பில் இறக்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு மதியம் கொண்டுவருகிறேன். சேர்ந்து பார்ப்போம்."

"முழுசாவா?"

"முழுசாக. முடிவு வரைக்கும்."

"நாளைக்கு மீ இருக்குமோ என்னமோ." மின்சாரத்தைச் சொன்னார். யாங்கூனில் எந்தக் காரியத்தைத் தட்டிக்கழிக்கவும் அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

"பேட்டரியில் ஓடும் அப்பா." அவள் சிரித்தாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "பாங்காக் ஹோட்டலில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களே, திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். வரவில்லை என்றே எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். நான் அம்மாவின் மகள்தானே. அம்மா ஏறவில்லை, நானும் ஏறவில்லை."

அந்த இடத்தில் நல்லப்பன் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள் பல உண்டு. 'அப்படியெல்லாம் பேசாதே, உன் வாழ்க்கையைப் பார்' என்று ஊர் உலகத்துத் தகப்பன்மார் சொல்வதையாவது சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது, "சாப்பிட்டியாம்மா?" என்பதுதான்.

போனை வைத்த பிறகு அவருக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து அவருக்கே வெட்கமாக இருந்தது. பூர்ணா மிங்கலாடோனில், விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் வேலை செய்து அங்கேயே தங்கியிருந்தாள். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பஸ் மாறி பபேடானில் இருக்கும் வீட்டுக்கு வருவாள். மனைவி பாமா இறந்துபோன இரண்டு வருஷமாக அவருடைய வாரம் அந்த ஒரு நாளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற ஆறு நாளும் நாலாம் மாடியில் அவரும் சுவரும்தான். கட்டிடத்தில் எட்டு வீடு. அதில் ஐந்து பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போக, பெற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். படிக்கட்டில் யாராவது ஏறிவரும் சத்தம் கேட்டால் நல்லப்பன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். பெரும்பாலும் அது கீழ் வீட்டோடு நின்றுவிடும். வெள்ளிக்கிழமைதோறும் பாமாவின் தோழி கரீமா வீட்டிலிருந்து டன்பாவ் பிரியாணி வரும். கொண்டுவருகிறவர் தூக்கை வைத்துவிட்டு உடனே போய்விடுவார். அவரை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசுவதற்காக நல்லப்பன் முதல் நாளே ஒரு கேள்வியை யோசித்து வைத்திருப்பார்.

இப்படிப்பட்ட மனுஷனிடம் மகள் 'நான் போகவில்லை' என்றால், கரும்பு தின்னக் கூலியா கேட்பார்?

ஆனால் அந்தப் படம் வந்து குறுக்கே நின்றது.

அந்தப் படத்துக்கு முடிவு சொன்னவர் நல்லப்பன். சும்மா சொல்லவில்லை, அதுதான் அவருக்கு அப்போது உத்தியோகம். எண்பதுகளில் பபேடான் பக்கத்துத் தமிழர்களுக்குச் சினிமா என்றால் இப்ராஹிம் பாயின் மாடி அறைதான். ஒரு கலர் டிவி, ஒரு டெக், தரையில் பாய், அறுபது பேர். டேப்புகள் சிங்கப்பூரிலிருந்து கப்பல்காரர்களின் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வரும். மூன்று மணி நேர டேப்பில் இரண்டே முக்கால் மணி நேரப் படம் தாராளமாக அடங்கும்தான். ஆனால் அங்கே பதிவுசெய்து கொடுக்கிற கடைக்காரன் தலையிலேயே நகைக்கடை, ஜவுளிக்கடை, மசாலா விளம்பரம் என்று அரை மணியைத் தின்றுவிடுவான். ஆகவே வால் இருக்காது. கதாநாயகன் கடைசி அடியை ஓங்குவான், அல்லது தாய் கண்ணைத் திறக்கப் பார்ப்பாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக டிவியில் வெள்ளைப் புள்ளிகள் ஓடும்.

அப்போது இப்ராஹிம் பாய் விளக்கைப் போடுவார். டிக்கெட் கிழிக்கிற நல்லப்பன் எழுந்து டிவி முன்னால் நின்று முடிவைச் சொல்வார். முதலில் தமிழில், பிறகு தமிழ் மறந்தவர்களுக்காகப் பர்மியில். முழுப் படத்தையும் பார்த்த கப்பல்காரன் யாராவது கிடைத்தால் அவனிடம் கேட்டுச் சொல்வார். கிடைக்காவிட்டால் தானே பார்த்து முடித்துவைப்பார். வில்லனை உள்ளே தள்ளுவார். குடும்பத்தோடு ஜனம் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்மாரைச் சாகவிடமாட்டார். ஒரு படத்தின் கடைசிக் காட்சியில் ரகுநாதன் என்று ஒரு கலெக்டர் வந்து எல்லாச் சொத்தையும் மீட்டுக் கொடுப்பதாகச் சொன்னார். இரும்புக்கடைக்காரர் ஒருவர் மனம் உருகித் தன் மகனுக்கு அந்தப் பேரையே வைத்தார். அப்படி ஒரு கலெக்டர் அந்தப் படத்திலேயே இல்லை. அந்த ரகுநாதனுக்கு இப்போது நாற்பது வயது, இன்றைக்கும் ஆணி விற்றுக்கொண்டிருக்கிறார்.

சத்யபாமா ஞாயிறுதோறும் தோழி கரீமாவோடு வருவாள். இரண்டாவது வரிசை, ஜன்னல் ஓரம். தொளதொள கையும் புள்ளி போட்ட துணியும் நாகரிகமாக இருந்த காலம். நல்லப்பனும் காதை மூடும் முடியும் தோளில் இறங்கும் காலருமாகத்தான் திரிந்தார். எட்டு மாதம் அவளைப் பார்த்தார். எட்டு மாதத்தில் அவளிடம் பேசிய வார்த்தை, 'டிக்கெட்' ஒன்றுதான். அறுபது பேர் முன்னால் மணிக்கணக்கில் அளக்கிற வாய், ஒருத்தி முன்னால் ஒட்டிக்கொண்டது. அவளுக்குத் தாய் தகப்பன் கிடையாது, அத்தை வீட்டில் இருந்தாள். மதராஸில் இருக்கும் அண்ணன் அவளைக் கூப்பிட்டுக்கொள்ளக் காகிதம் அனுப்பிவிட்டான், கல்கத்தா விமானத்தில் இடம் கேட்டாகிவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சு. அது எண்பத்தேழாம் வருஷம்.

அந்த வாரம் ஓடிய படத்தில் ஒரு துறைமுக ஊர். ரேடியோவில் பாடுகிற ஒரு பெண், டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கிற ஒருவன். வாயைத் திறந்து ஆசையைச் சொல்லத் தெரியாதவன். அவளுக்குக் கடல் கடந்து பாட வாய்ப்பு வருகிறது. கப்பல் ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். வெள்ளைப் புள்ளி.

முடிவு நல்லப்பனுக்குத் தெரியும். கரீமாவின் அண்ணன் ஜமால் கப்பலில் சமையல்காரர், சிங்கப்பூர்க் கொட்டகையில் முழுசாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தார்: அவள் ஏறிப் போய்விடுகிறாள், அவன் கரையில் நிற்கிறான், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு விளக்கு எரிந்து அவர் எழுந்து நின்றபோது, இரண்டாவது வரிசையில் பாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "வச்ச கால எடுத்துட்டா," என்றார் நல்லப்பன். அவள் படி இறங்கி வந்தாள், அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள், 'இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை' என்று கேட்டாள் என்றெல்லாம் கால் மணி நேரம் சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பது அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்தார்.

அடுத்த வாரம் பாமாவின் மதராஸ் பயணம் நின்றது. நாலு மாதத்தில் அத்தை வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நல்லப்பனுக்கு ஒரே பொய்யில் காரியம் முடிந்தது.

அந்த ஒரு பொய்யை அவர் முப்பத்தெட்டு வருஷம் சுமந்தார். விமானம் ஏற இருந்த பெண்ணை வாயாலேயே நிறுத்திவிட்டோம் என்று ஒரு பக்கம் மீசை முறுக்கிக்கொள்வார். பால்மாவுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற வருஷங்களில், பிள்ளையில்லாமல் ஒன்பது வருஷம் போன வீட்டில், பாமா கோபத்தில் "அன்னிக்கே பிளேன் ஏறியிருக்கணும் நான்" என்று சொல்கிறபோதெல்லாம் மறு பக்கம் குறுகிப் போவார். மின்சாரம் போன சாயங்காலங்களில் அவள் கேட்பாள், "அந்த முடிவச் சொல்லுங்க." சொல்வார். பூர்ணா அதைக் கேட்டே வளர்ந்தாள். அந்த வீட்டில் ராமாயணத்துக்கு இல்லாத மரியாதை அந்தக் கால் மணி நேரக் கதைக்கு இருந்தது. முழுப் படம் கைபேசியில் கிடைக்கிற காலம் வந்த பிறகும் நல்லப்பன் தேடவில்லை, தேடத் தெரியாதவர் போல இருந்துகொண்டார்.

நாளைக்கு அது தானாகவே வீட்டுக்கு வருகிறது. தாய் எதை நம்பித் தங்கினாளோ அது தகப்பன் கட்டிய கதை என்று பூர்ணாவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் போய்விடுவாள். அதைவிட மோசம், தெரிந்தும் பரிதாபப்பட்டு இருந்துவிடுவாள்.

அன்று மத்தியானமே கொட்டுகிற மழையில் இறங்கி கரீமாவின் கடைக்குப் போனார். இரண்டு தெரு தள்ளி, நூலும் பொத்தானும் விற்கிற கடை. கரீமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பொத்தான் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. குடை எங்க? இப்புடி நனைஞ்சிட்டு வாரீகளே."

"கரீமா, நாளைக்கு மத்தியானம் நீ வீட்டுக்கு வரணும். படம் பாக்குறோம். முடியப்போற நேரத்துல ஒனக்குத் தல சுத்தணும்."

"எனக்கு எதுக்குண்ணே தல சுத்தணும்?"

நல்லப்பன் சொன்னார். முக்காலியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, முப்பத்தெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். படத்தில் அவள் ஏறிப் போவது, அது தெரிந்தே தான் மாற்றிச் சொன்னது, அதை நம்பி பாமா பயணத்தை நிறுத்தியது. சொல்லி முடித்து நிமிர்ந்தால், கரீமா பொத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இதச் சொல்லவா இம்புட்டு நனைஞ்சீக," என்றாள். "அந்தப் பொண்ணு கப்பலேறிப் போயிடுவான்னு எங்க ஜமால் அண்ணன் எங்க வீட்டுலயுந்தான சொன்னாக. அன்னிக்கு ராத்திரியே பாமாட்ட சொல்லிட்டேன். ஒங்காளு பொய் சொல்றாருடின்னு."

நல்லப்பன் முக்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"அதுமட்டுமில்லண்ணே. அவ போயிட்டா, இனி சொன்னாக் கோச்சுக்கிற மாட்டா." கரீமா அட்டையைக் கீழே வைத்தாள். "அவ படத்தப் பாத்து நிக்கல. அன்னிக்குக் காலையிலதான் மதராஸ்ல இருந்து கடுதாசி வந்துச்சு. அவுக அண்ணி சம்மதிக்கல, வீட்டுல எடமில்ல, வர வேணாம்னு அண்ணன் எழுதிட்டாக. படம் ஓடிக்கிட்டிருக்கு, இருட்டுல அதத் தூக்கி எங்கையில குடுக்குறா. டிவி வெளிச்சத்துலதான் படிச்சேன். அத்த வீட்டுலயும் போறவதானன்னு அவ கட்டில வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. அங்கயும் எடமில்ல, இங்கயும் எடமில்ல. கல்லாட்டம் ஒக்காந்திருந்தா. நீங்க எந்திரிச்சு நின்னு, எறங்கி வந்துட்டா எறங்கி வந்துட்டான்னு சொல்றீக."

தெருவில் ஒரு கை வண்டி போனது.

"பொய்யின்னு சொன்னேன்ல, அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? 'தெரியும்டி. பொய் சொன்னா என்ன. அறுவது பேருக்கு முன்னால நின்னு ஒரு ஆளு என்னப் போகாதேங்குறான். வேற யாருடி அப்புடிச் சொன்னா'ன்னா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்புடிச் சொல்லுவா? போக்கிடம் இல்லாம நின்னவளக் கட்டிக்கிட்டோம்னு நீங்க நெனச்சிரக் கூடாதுல்ல. 'அவரு நிறுத்தி நான் நின்னதாவே இருக்கட்டும், அவருக்கு அதுல ஒரு பெரும'ன்னா. நானும் வாயத் தொறக்கல." அவள் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். "தலையத் தொடைங்க. நாளைக்கு நான் வரலண்ணே. எனக்குத் தல சுத்தவும் செய்யாது. நீங்களே பேசுங்க."

திரும்பும்போது மழை விட்டிருந்தது. நாலு மாடியையும் நல்லப்பன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினார். மீசை முறுக்கிய முறுக்கும் போய்விட்டது, குறுகிய குறுகலும் போய்விட்டது. இரண்டும் இல்லாமல் நடக்க ஒரு மாதிரியாக இருந்தது. கதவைத் திறந்ததும் பாமாவைக் கூப்பிட்டு 'ஏண்டி, இதையா என்கிட்ட மறைச்சே' என்று கேட்க வாய் திறந்தது. திறந்த பிறகுதான் அவள் இல்லை என்பது உறைத்தது. இரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை அப்படி ஆகியிருக்கிறது. அன்றைக்குத்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளை நிறுத்தியதற்காக அத்தனை வருஷம் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குத் தேவைப்பட்டது மன்னிப்பு இல்லை. அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச ஓர் ஆள். அந்த ஆளாக இருக்கும் வாய்ப்பு, ஒரே வீட்டில் இருந்தும், தனக்குக் கிடைக்காமலே போய்விட்டது என்றுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு மீ வந்தது. ஒன்றேகாலுக்கு பூர்ணா வந்தாள், கையில் அத்தோ நூடுல்ஸும் லேப்டாப்புமாக. சாப்பிட்டு முடித்து, லேப்டாப்பை மேஜைமேல் வைத்து, நாற்காலி இரண்டை ஒட்டிப் போட்டாள்.

படம் ஓடியது. நல்லப்பனுக்கு முதலில் அது வேறு படமாகவே தெரிந்தது. அவர் அறிந்த படத்தில் கதாநாயகியின் தாடைக்குக் குறுக்கே சிங்கப்பூர் நகைக்கடையின் பேர் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அவள் தாடையில் ஒரு மச்சம் இருந்ததை முப்பத்தெட்டு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் பார்த்தார். இரண்டாவது பாட்டில் டேப் கசங்கி 'கர்ர்' என்று ஒரு சத்தம் வரும், அந்த இடத்தில் அறுபது பேரும் சேர்ந்து 'கர்ர்' என்பார்கள். இதில் பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. அவர் மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். அறுபது பேரில் இந்த ஊரில் இன்னும் இருப்பது யார் யார் என்று எண்ணிப் பார்த்தார். ஒரு கை விரல் போதுமானதாக இருந்தது.

"இது முடியா, தலைப்பாகையா?" பூர்ணா கதாநாயகனைக் காட்டிச் சிரித்தாள்.

"எனக்கும் அப்புடித்தான் இருந்துச்சு."

"அம்மா எப்படிச் சம்மதித்தாள்?"

நல்லப்பன் அவளையே பார்த்தார். அவள் சிரிக்கும்போது கண் சுருங்குவது பாமாவுக்கு அச்சாக இருந்தது. இந்த முகத்தை இனி கைபேசியில், கட்டைவிரல் அளவில்தான் பார்க்கவேண்டியிருக்கும் என்று நினைத்தார். இந்தியா போகாமல் இங்கேயே தங்கின தங்கள் தலைமுறை நன்றாகத்தான் வாழ்ந்தது என்று நினைத்தார். ஒரு ஹோட்டல் இல்லாவிட்டால் இன்னொரு ஹோட்டல், இங்கேயே ஒரு நல்ல பையன், பக்கத்து வீடுகள்தான் காலியாகக் கிடக்கின்றனவே என்று மளமளவென்று நினைத்தார். ஒரு கிழவனின் பயம் எத்தனை நியாயங்களைக் கொண்டுவரும் என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

துறைமுகம் வந்தது. ஏணி வந்தது. அவள் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

பூர்ணா விரலால் தட்டிப் படத்தை நிறுத்தினாள்.

"இங்கேதானே டேப் முடியும்?" என்றாள். "இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கிறது. ஆனால் எனக்கு அது வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள், அம்மாவுக்குச் சொன்ன மாதிரி. அதைக் கேட்டுவிட்டு நான் பாங்காக்குக்கு எழுதிவிடுகிறேன்."

இப்படி ஒரு வாய்ப்பை அவர் கேட்கவில்லை, அதுவே மடியில் வந்து விழுந்தது. கால் மணி நேரம் பேசினால் போதும். ஒவ்வொரு வரியும் மனப்பாடம். மகள் இருந்துவிடுவாள், ஞாயிறுதோறும் படிக்கட்டில் சத்தம் கேட்கும்.

நல்லப்பன் எழுந்து நின்றார். பழக்கதோஷம், திரைக்கு இடப்பக்கம் போய் நின்றார்.

"ஏறிட்டா," என்றார்.

பூர்ணா புரியாமல் பார்த்தாள். அவர் பர்மிக்கு மாறினார். மகளிடம் அவர் பர்மியில் பேசுவது அபூர்வம்.

"அவள் ஏறிவிட்டாள். இறங்கவே இல்லை. இறங்கினாள் என்று சொன்னது நான் கட்டிய கதை. உன் அம்மாவை இங்கே நிறுத்திக்கொள்வதற்காகச் சொன்னேன். ஆனால் அதைக் கேட்டு அவள் நிற்கவில்லை. அவளை வரவேண்டாம் என்று உன் மாமா கடிதம் எழுதிவிட்டார், அதனால் நின்றாள். அவளுக்குப் போக இடமில்லை. எனக்கே நேற்றுத்தான் தெரியும்."

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"உனக்குப் போக இடம் இருக்கிறது. வா என்று எழுதியிருக்கிறார்கள். உன் அம்மாவுக்கு அப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் அவள் போயிருப்பாள். போயிருக்கவும் வேண்டும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருக்கு வலித்தது. ஆனால் அது உண்மைதான். "அம்மாவின் மகள் என்றால், அவளுக்குக் கிடைக்காததை நீ வாங்கிக்கொள்ள வேண்டும்."

பூர்ணா கையை நீட்டிப் படத்தை ஓடவிட்டாள்.

பதினோரு நிமிஷத்தையும் நல்லப்பன் நின்றபடியே பார்த்தார். ஜமால் சொன்னது சரி. அவள் ஏறினாள். மேல்தட்டில் நின்று அழுதாள், பிறகு காற்றில் முடியை ஒதுக்கிக்கொண்டு கடலைப் பார்த்தாள். கப்பல் சின்னதாகிக்கொண்டே போனது. கரையில் அவன் பழுது பார்த்த டேப் ரிக்கார்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கடைசி வரை அவனை முதுகுப்பக்கமாகத்தான் காட்டினார்கள். வணக்கம் என்று போட்டு முடித்துவிட்டார்கள்.

"அவன் என்ன ஆனான்?" என்றாள் பூர்ணா. இந்தத் தடவை தமிழில் கேட்டாள், தட்டுத் தடுமாறி. "கரையில நிக்கிற ஆளு. அவன் அப்புறம் என்ன ஆவான்ப்பா?"

நல்லப்பனுக்கு அது தெரியாது. யாரும் அவருக்குச் சொன்னதில்லை, எந்தக் கப்பல்காரனைக் கேட்டாலும் தெரிந்திருக்காது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் எப்படி வருகிறதோ அதைப் பார்த்துத்தான் அவள் போவாள் அல்லது இருப்பாள் என்பது மட்டும் தெரிந்தது.

"அவனுக்கென்ன," என்றார். "நல்லாத்தான் இருப்பான். நேரா வீட்டுக்குப் போவான். வேளைக்குச் சாப்புடுவான். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம ஒரு தோழி வீட்டுலேந்து டன்பாவ் வரும். ரெண்டு தெரு தள்ளி ஒரு பொத்தான் கட இருக்கு, சாயங்காலம் அங்க போயி ஒக்காந்துக்குவான், பழைய படத்தப் பத்திப் பேச ஆளு இருக்கு. மாடி ஏறுறப்ப மொழங்கால் வலிக்கும், மருந்து தடவிக்குவான். மீ வந்தா பேன் போட்டுக்குவான், போச்சுன்னா விசிறிக்குவான்."

"தனியா இருக்க மாட்டானா?"

"தனியாவா? அவனுக்கு நெறைய சோலி கெடக்கு."

பூர்ணாவின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அவள் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தாள், குனிந்து, மெதுவாக, பாங்காக்குக்குப் பதில் எழுத ஆரம்பித்தாள். அவளுடைய விரல் ஓடி முடிகிறவரை முடிவு சொல்லி முடித்துவிடக் கூடாது என்று நல்லப்பன் மேலே மேலே சொல்லிக்கொண்டே போனார். அவன் காலையில் எழுந்து என்ன செய்வான், எந்தக் கடையில் மொய்ங்கா தின்பான், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு யார் அவனைக் கைபேசியில் கூப்பிடுவார்கள் என்றெல்லாம் சொன்னார்.